உப்பு, புளி, தாளி

இசக்கி,

நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரிந்தேதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். வேகமாகப் படித்து வேகமாகக் கோபப்படுவது உன் சுபாவம். இந்த எழுத்தாவது உன்னைக் கொஞ்சம் நிதானமாக நடக்க வைக்கட்டும். என் வங்காளம் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசத்தான் லாயக்கு என்று நீயே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாய். அந்த வங்காளத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. நான் சொல்லச் சொல்ல, பௌதி என்று நாம் கூப்பிடுகிற கீழ்வீட்டு வங்காளி அண்ணி அவள் மொழியில் ஒரு பிரதி எழுதித் தந்திருக்கிறாள். அது உன் கிளப்பின் வாட்ஸப் குழுவுக்குப் போகிறது. இது உனக்கு வருகிறது, பிறகு நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலரிலும் வரும். ஊரைக் கூட்டிச் செய்த தப்புக்கு உன் காதில் மட்டும் கிசுகிசுத்தால் அது மன்னிப்பு ஆகாது.

முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல எனக்கு ஒரு பத்தி தேவைப்பட்டிருக்கிறது, பார். ஆகஸ்டில் நீ பியாலியிடம் தோற்றாயே, அந்தக் குத்துச்சண்டைக்கு முன்னால் நம்முடைய மூன்று சொற்களும் அவளுக்குத் தெரிந்துபோனதற்குக் காரணம் உன் கோச் மிதாதி இல்லை. நான். அவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று நீ கிளப் குழுவில் எழுதியது தவறு. அது தவறு என்று அன்றைக்கே தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள் உன்னைப் பெற்றவள். ஹரியானாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ ஃபோன் செய்கிறாய். ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன். சாப்பிட்டியாட்டி, அங்க குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அடுத்த மாதம் நீ மூன்றாவது முறையாகப் பியாலியோடு மோத வருகிறாய். அதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். ஏன் அதற்குள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்ல இன்னும் தெம்பு வரவில்லை.

சங்கத்துக்காரர்கள் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது உல்டாடாங்கா ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கிளப்புக்கு, சால்ட் லேக் குவார்ட்டர்ஸ் பெண்கள் நாலு பேர் போனீர்கள். மூன்று பேர் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டார்கள். நீ மட்டும் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு மறுநாளும் போனாய். மிதா அங்கே பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கோச். அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை, தானே ஒரு காலத்தில் மாநில அளவில் சண்டை போட்டவள். ஆண்கள் உபயோகித்துத் தேய்ந்துபோன கையுறைகளை வாங்கித் தைத்து, கூடத்தின் ஒரு மூலையைக் கெஞ்சி வாங்கி, பெண்களுக்கு என்று அந்த வகுப்பை அவள்தான் உண்டாக்கினாள். எல்லாரும் மிதா அக்கா என்ற அர்த்தத்தில் மிதாதி என்றார்கள், நானும் என்னைவிட இருபது வயது சின்னவளை மிதாதி என்று கூப்பிடத் தொடங்கினேன். அவள் என்னைச் சித்தி முறை வைத்து மாஷிமா என்பாள்.

ரிங்குக்குள் சண்டை நடக்கும்போது மூலையில் நிற்கிற கோச் சத்தம் போடக் கூடாது, நடுவர் எச்சரிப்பார். ஆனால் பார்க்க வந்தவர்கள் வாயை யாரும் கட்ட முடியாது. வங்காளத்தில் கத்தினால் எதிராளிக்கும் புரிந்துவிடும். எம்மா நீ தமிழ்ல கத்து என்று சொன்னது நீ. தமிழ் என்றால்கூட யாருக்காவது தெரிந்திருக்கலாம், அதனால் சமையல் சாமான் பேரை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான். அன்றைக்கு ஞாயிறு, சாம்பார் அடுப்பில் இருந்தது. உப்பு என்றால் குனிந்து வயிற்றில் அடி. புளி என்றால் பக்கவாட்டில் விலகு. தாளி என்றால் உள்ளே புகுந்து வரிசையாகக் குத்து. மிதாதிக்கும் சொல்லிக்கொடுத்தோம். அவள் வாயில் புளி, புலி ஆகிவிட்டது. எப்போது எதைக் கத்த வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக மூன்று மாதம் அலுவலகம் விட்டு நேரே கிளப்புக்கு வந்து அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். கையைப் பார்க்காதே மாஷிமா, முழங்கையைப் பார் என்பாள். முப்பது வருஷம் பைலைப் பார்த்த கண் முழங்கையைப் பார்க்கப் பழகியது.

பியாலி ஹவுராவிலிருந்து வந்தவள். உன்னைவிட அரை அடி உயரம், அப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். முதல் சண்டையில் அவள் வலது கையை வீசும்போதெல்லாம் முழங்கை கோழி சிறகைத் தூக்குவது போல மேலே போனது, விலா முழுக்கத் திறந்து கிடந்தது. நான் உப்பு என்று கத்தினேன். நீ அடித்தாய். மூன்று ரவுண்டிலும் அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், தீதி, உங்கள் கடவுள் பெயரா அது என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். நடுவர் உன் கையைத் தூக்கியபோது நான் அழுததை நீ பார்க்கவில்லை. மிதாதி பார்த்தாள், அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த மாதம் பொங்கல். நீ பயிற்சி முகாமில் இருந்தாய். சங்க விழாவில், குத்துச்சண்டை வீராங்கனையின் தாயார் ஐந்து நிமிடம் பேசுவார் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார்கள். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இருபது வருஷத்தில் யாரும் என்னை மேடைக்குக் கூப்பிட்டதில்லை இசக்கி. மற்ற வீட்டுப் பிள்ளைகள் பரதநாட்டியம் ஆடினார்கள், அமெரிக்கா போனார்கள். நான் விழாவுக்கு வரும்போதெல்லாம், பொம்பளப் புள்ளைய அடிவாங்க அனுப்புதியே என்று கேட்டவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடம் என்றது இருபது நிமிடம் ஆயிற்று. உப்பு, புளி, தாளி மூன்றையும் சொன்னேன். சொன்னால் போதாதா, பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடியும் காட்டினேன். கைதட்டல் அடங்கவே இல்லை. நம்ம ஜனம்தானே, தமிழில்தானே பேசுகிறேன் என்ற தைரியம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மைக் கிடையாது.

சங்கத்தில் விழாவைப் படம் பிடித்து இணையத்தில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழே வங்காளத்தில் எழுத்து ஓடும் என்றும் தெரியும். சங்கத்து வீட்டு மருமகள்களில் பாதிப் பேர் இப்போது வங்காளிகள், உன் வயதுப் பிள்ளைகளுக்கோ தமிழைவிட வங்காளம்தான் சுலபம். நாம் பேசுவது நம் குடும்பங்களுக்கே புரிய வேண்டும் என்பதற்காக ஏற்பாடு செய்த எழுத்து அது. நல்லதுதான். நான்தான் அந்தக் காணொளியை எடுத்துப் பெருமையாகக் கீழ்வீட்டு பௌதிக்கு அனுப்பினேன், அலுவலகத்தில் எட்டுப் பேருக்கு அனுப்பினேன். உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நீ வெட்கப்படுவாய், திட்டுவாய் என்று நினைத்தேன். இப்போது சொல், உன்னிடம் மறைக்க வேண்டும் என்று தோன்றியபோதே அது தப்பு என்று எனக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையா?

இரண்டாவது சண்டைக்கு முன்னால் மிதாதி ஒரு விஷயம் சொன்னாள், உனக்கு நினைவிருக்கும். ஜெயித்தவள் பழைய சண்டையையே மறுபடி போட வருவாள், தோற்றவள் புதுச் சண்டை போட வருவாள், அதனால்தான் இரண்டாவது தடவை இத்தனை பேர் கவிழ்கிறார்கள் என்றாள். நீ ஜெயித்த வீடியோவைச் சிரித்துக்கொண்டே பார்த்தாய். பியாலி அதே வீடியோவை என்ன முகத்தோடு பார்த்திருப்பாள் என்று நாம் யோசிக்கவே இல்லை. எட்டு மாதம் அந்தப் பெண் தினமும் உன்னோடு சண்டை போட்டிருக்கிறாள், நீ அங்கே இல்லாமலே. தன் முழங்கையைச் சரிசெய்திருக்கிறாள். நீ அந்த எட்டு மாதமும் எது உனக்கு ஜெயித்துக்கொடுத்ததோ அதையே இன்னும் வேகமாகச் செய்யப் பழகினாய். மிதாதி இன்னொன்றும் சொன்னாள். சொற்களை மாற்றிவிடலாம், வேறு மூன்று வைத்துக்கொள்ளலாம் என்றாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை கேட்டாள். நீ தயங்கினாய். நான்தான் ஒரேயடியாக மறுத்தேன். ராசியான சொல் மிதாதி, ராசியை மாற்றக் கூடாது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சரி மாஷிமா என்று போய்விட்டாள்.

அந்தச் சண்டையை எழுதத்தான் வேண்டும். முதல் ரவுண்டில் நான் உப்பு என்று கத்தினேன், நீ குனிந்தாய், அவள் கை கீழிருந்து மேலே வந்து உன் தாடையில் பட்டது. தற்செயல் என்று நினைத்தேன். புளி என்றேன். நீ விலகுகிற பக்கத்தில் அவள் ஏற்கனவே நின்றிருந்தாள். இரண்டாவது ரவுண்டில் மறுபடி உப்பு என்றேன். நான் சொல்லி முடிக்கும் முன்னால் எதிர்ப்பக்கத்து வரிசையிலிருந்து ஒரு ஆண்குரல் கத்தியது. நூன்! நூன்! வங்காளத்தில் உப்புக்கு அதுதான் பெயர், இந்த ஊரில் எந்தக் கடையிலும் தினம் கேட்கிற சொல். பியாலியின் அப்பா. கழுத்து நரம்பு புடைக்கத் தன் பெண்ணுக்காக, என்னைப் போலவே, எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். சங்கத்து மேடை, பட்டுச்சேலை, கைதட்டல் எல்லாம் ஒரே நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. கத்தினால் உன்னை அடிவாங்க வைக்கிறேன். கத்தாவிட்டால் உன்னைத் தனியே விடுகிறேன். என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். என் குரல் வரவில்லையே என்று நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரு கணம்தான். அந்தக் கணத்தில்தான் அவள் உன்னை விழுத்தாட்டினாள்.

நடுவர் எட்டு வரை எண்ணினார். நீ எழுந்தாய். மூன்றாவது ரவுண்டு முழுக்க நின்றாய், தோற்றுக்கொண்டே நின்றாய். பெற்ற பிள்ளை அடி வாங்குவதைப் பார்க்கிற தாய்க்கு, அடிக்கிறவள் மேலாவது கோபம் வர வேண்டும். எனக்கு அந்த ஆறுதலும் இல்லை. அந்தப் பெண் யாரையும் ஏமாற்றவில்லை. நான் மேடையேறிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஐஸ் பொட்டலத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நீ பேசியது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. “எம்மா, அந்தாளு நூன்னு கத்துனத கேட்டியா?” என்றாய். கேட்டேன் என்றேன். “அந்த வார்த்தை மூணே மூணு பேருக்குத்தான் தெரியும். நீ, நான், மிதாதி.” நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். “மிதாதி வாரத்துல ரெண்டு நாள் ஹவுராவுல போய்ச் சொல்லிக்குடுக்கா. அவளுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. அதான் வார்த்தைய மாத்து மாத்துன்னு உயிர எடுத்தா. குத்த உணர்ச்சி.” என்னைச் சந்தேகப்படலாம் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை, இசக்கி. மூன்று பேரில் ஒருத்தி என்று என் பெயரை நீயே சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் என்னைத் தாண்டிப் போனாய். இப்போது சொல்லடி என்று உள்ளே ஒன்று இடித்தது. வீடு வரட்டும் என்று நினைத்தேன். வீடு வந்தது. முதலில் நீ தூங்கு என்றேன். நீ எழுந்ததும் குழுவில் எழுதிவிட்டாய்.

நான் செய்த முதல் தப்பு பெருமை. அதற்குக்கூட யாராவது இரங்குவார்கள். மறுநாள் காலையில் நான் செய்ததற்கு இரக்கம் கிடையாது. சங்கத்துக்கு ஃபோன் போட்டு, என் பேச்சில் ஒரு பிழை இருக்கிறது, அந்தக் காணொளியை எடுத்துவிடுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் துறைமுகத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “சொல்லிரு. இன்னைக்கே சொல்லிரு. நாள் ஆக ஆகக் கனம் கூடும்” என்றார். நாளைக்குச் சொல்லுதேன் என்றேன். எந்தப் பைலையும் மூன்று மாதம் மேசையில் கிடப்பில் போட்டு வைக்கத் தெரிந்தவள் நான், அதற்கு எனக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கிறது. கிளப் கமிட்டி கூடி மிதாதியைப் பெண்கள் வகுப்பிலிருந்து நீக்கியபோதும் அந்தப் பைல் என் மேசையில்தான் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் கூட்டத்தில் ஒரு வார்த்தைகூடத் தனக்காகப் பேசவில்லை என்று கேள்விப்பட்டு, நம்புவாயோ மாட்டாயோ, எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பிறகு நீ பயிற்சிக்கு ஹரியானாவுக்குப் போகிறேன் என்றாய். உனக்குச் சிரிப்பு வந்தாலும் சொல்கிறேன், நானும் ஒரு இரண்டாவது சண்டையில் தோற்றிருக்கிறேன். உனக்குப் பதினேழு வயதில் ஹாஸ்டல் போகிறேன் என்று நீ நின்றபோது நான் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தேன். மூன்றாம் நாள் நீ அழுதுகொண்டே தட்டோடு வந்தாய், எங்கேயும் போகவில்லை. அந்த வெற்றியை நம்பி இந்தத் தடவையும் பாயைப் போட்டேன். நீ என் பங்குச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, “எம்மா, குழம்பு நல்லா இருக்கு, எந்திச்சுச் சாப்பிடு” என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினாய். உன் அப்பா சிரித்துவிட்டார். நீ பதினேழு வயதுக்காரி இல்லை என்பதை நான் மறந்துபோயிருந்தேன். ஒரு தடவை பலித்த வித்தையைத்தான் நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இருக்கிற அருகதை இந்த ஒன்றுக்குத்தான்: ஜெயித்த இடத்தைச் சந்தேகப்படு. தோற்ற இடம் உன்னைத் தானே தூங்கவிடாது.

பூஜை முடிந்து விஜயதசமிக்கு மறுநாள் ஹவுராவுக்குப் போனேன். இங்கே அதை பிஜொயா என்பார்கள், மனத்தாங்கலை ஒதுக்கிவைத்துவிட்டு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் இனிப்போடு போகிற நாள். அதைச் சாக்காக வைத்தால்தான் எனக்குப் படியேறும் தைரியம் வரும் என்று பட்டது. ஃபெர்ரியில் போய் இறங்கி, சந்தேஷ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மிதாதி வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் குனிந்து என் காலைத் தொட்டாள். பிஜொயாவுக்குச் சின்னவர்கள் பெரியவர்கள் காலைத் தொடுவது வழக்கம், அதைத்தான் செய்தாள். அவள் காலில் விழ வந்தவள் நான். தடுக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. தடுத்தால் ஆசீர்வதிக்க மறுத்தது போல ஆகிவிடும். அவள் தலையில் கை வைத்தேன். நான் இவ்வளவு கேவலமாக உணர்ந்த நாள் இன்னொன்று இல்லை.

எனக்குத் தெரிந்த வங்காளத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தேநீர் போட்டுக்கொண்டே கேட்டாள். முடித்ததும், “தெரியும் மாஷிமா” என்றாள். ஹவுராவில் அவள் சொல்லிக்கொடுக்கிற பெண்கள் அந்தக் காணொளியை ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம், மாசி மாதமே பார்த்துவிட்டாளாம். “அதுக்குத்தானே வார்த்தைய மாத்தலாம்னு கேட்டேன்.” அப்போதே என்னிடம் உடைத்துச் சொல்லியிருக்கலாமே என்றேன். “சொன்னா இஷாக்கிக்குத் தெரியும். ரிங்குக்குள்ள போற பொண்ணுக்கு அம்மா மேல கோவம் இருக்கக் கூடாது. கை கட்டிப் போயிடும்.” சரி, சண்டைக்குப் பிறகு? உன்மேல் பழி வந்தபோது? கமிட்டி முன்னால்? அப்போதாவது ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். “நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்” என்றாள். “ஒவ்வொரு நாளும் நெனச்சேன். அப்புறம் விட்டுட்டேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் கமிட்டிக்கு எழுதுகிறேன், எல்லாரிடமும் சொல்கிறேன், வகுப்புக்குத் திரும்பி வா என்றேன். வரமாட்டேன் என்றாள். அவள் உண்டாக்கிய பெண்கள் அத்தனை பேரும் குழுவில் நீ எழுதியதற்குக் கீழே கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள், அதை அவளால் மறக்க முடியவில்லை. இப்போது ஹவுரா கிளப்பில் முழுநேரக் கோச் ஆகிவிட்டாள். அங்கே அவளுக்கு ஒரு பெண்ணை ஒப்படைத்திருக்கிறார்கள்.

இதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்தப் பெண் பியாலி. அடுத்த மாதம் நீ ரிங்குக்குள் ஏறும்போது எதிர்மூலையில், தோளில் துண்டோடு மிதாதி நிற்பாள். இசக்கியைப் பற்றி உனக்குத் தெரிந்ததைப் பியாலிக்குச் சொல்லாதே என்று வெட்கமில்லாமல் அவளிடம் கெஞ்சினேன். “அப்போ நான் சொல்லல மாஷிமா. இப்போ சொல்லுவேன். ரெண்டும் ஒண்ணு இல்ல” என்றாள். நீ களைத்தால் எந்தக் கை முதலில் இறங்கும், அடி பட்டால் எந்தக் காலைப் பின்னால் வைப்பாய், எல்லாம் அவளுக்குத் தெரியும். எட்டு வருஷம் பார்த்து வளர்த்தவள். அவள் வேலையை அவள் செய்கிறாள். சந்தேஷ் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அவளை அங்கே பார்த்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். பார், நான் அன்றைக்கே சொன்னேன், இவள் அவர்கள் ஆள்தான் என்று தோன்றும். ஊரும் அதைத்தான் சொல்லும். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் வந்துசேர வேண்டும் என்று நான் துடித்ததற்கு அதுதான் காரணம். இதைப் படித்தால் நீ கலங்கிப்போவாய், கலங்கிய மனதோடு ரிங்குக்குள் போவாய், ஒருவேளை இதனாலேயே தோற்பாய் என்றும் தெரியும். மிதாதி எதைச் சொல்லாமல் உன்னைக் காப்பாற்றினாளோ அதைச் சொல்லி நான் உன்னைக் கெடுக்கிறேனோ என்னவோ. சொன்னாலும் உனக்குக் கேடு, சொல்லாவிட்டாலும் கேடு என்கிற இடத்துக்கு என்னை நானே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் சரி என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். எனக்கு அது சரி இல்லை. எனக்கு நீ வேண்டும்.

அவளிடம் மன்னிப்புக் கேள் என்று உன்னைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஜெயி என்றும் சொல்ல வரவில்லை, ஏனென்றால் யார் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. மணி அடிக்கும் முன் எதிர்மூலையை ஒரு தடவை நன்றாகப் பார். அங்கே நிற்பவள் அங்கே தானாகப் போகவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கொண்டுபோய் விட்டோம். நீ தெரியாமல் விட்டாய். நான் தெரிந்தே விட்டேன்.

அம்மா